சிவ் 7 வாங்கலாமா என்று கேட்டாயே, மச்சான்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாறியது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எல்லாம் படித்தேன், ரொம்ப நிம்மதி. நான் விசாரித்ததாக அம்மாவிடம் சொல். அப்புறம் கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய் பார், "சிவ் 7 வாங்கலாமா, எல்லாரும் இப்படித் திட்டித் தீர்க்கிறார்களே" என்று, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் சிவிலைசேஷன் (சிவ்) என்கிற, ஒரு நாகரிகத்தை ஆரம்பத்திலிருந்து வளர்க்கிற கம்ப்யூட்டர் கேம் தொடரைப் பற்றி உன்னிடம் ஒரே வார்த்தையில் பேச எனக்கு மனசு வராது. சிவ் 4-ஐ ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்து ஆடியவர்கள் நாம்.

நடந்தது இதுதான். 2025 பிப்ரவரி 11 அன்று கேம் வெளியானது. கூடக் காசு கொடுத்தவர்களுக்கு 6ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். முதலில் ஆடியது யார் என்று யோசித்துப் பார். இந்தத் தொடரை உயிராக நினைப்பவர்கள், காத்திருக்க முடியாதவர்கள். அவர்கள்தான் முதல் நாளே, கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். முதல் கோபம் திரையைப் பற்றி. எழுத்தும் கட்டங்களும் முடிக்காமல் விட்ட வேலை மாதிரி இருந்தன, ஒரு நகரத்துக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே தேட வேண்டியிருந்தது, எதன்மேல் மவுஸை வைத்தாலும் விளக்கம் சரியாக வராது. பிசிக்கும் கன்சோலுக்கும் ஒரே நாளில் கொண்டுவந்ததால் வந்த வினை இது என்று பலர் சொன்னார்கள். பிரிட்டனைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொன்னது அடுத்த கோபம். ஜெயித்த பிறகும் விடாமல் ஆடிக்கொண்டே போகிற அந்த "இன்னும் ஒரே ஒரு டர்ன்" பட்டன் (டர்ன் என்றால் ஆட்டத்தில் ஒரு முறை) வெளியீட்டில் இல்லவே இல்லை! இந்தத் தொடரின் அடையாளமே அந்தப் பட்டன்தானே, அதை எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதெல்லாம் பேட்ச், அதாவது திருத்த அப்டேட், போட்டால் சரியாகிற விஷயம், பெரும்பாலும் சரியும் ஆகிவிட்டது. உண்மையான சண்டை வேறு. இந்த முறை ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டிவிட்டார்கள்: பழங்காலம், கடல்வழி கண்டுபிடிக்கும் காலம், நவீன காலம். வெளியானபோது இருந்த விதிப்படி, ஒவ்வொரு யுகம் முடியும்போதும் ஒரு நெருக்கடி வரும், பிறகு திரை இருண்டு, நீ வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீ எடுத்த தலைவர் மட்டும் மாறமாட்டார். போர் பாதியில் நின்றுபோகும், தலைநகரத்தைத் தவிர மற்ற நகரங்களில் பெரும்பாலானவை மறுபடி சிற்றூராகிவிடும், எல்லையில் நிறுத்தியிருந்த படையில் பாதி இருக்காது. பல மணி நேரம் ரோமை வளர்த்துவிட்டு நார்மன் ஆகிவிடுகிறாய். ஆம்ப்ளிட்யூட் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த ஹியூமன்கைண்ட் கேமிலும் இப்படி நாகரிகம் மாறும், அங்கேயும் ஆட்கள் இதையே சொல்லித்தான் புலம்பினார்கள், ஞாபகம் இருக்கும்.

இனி நமக்கு நெருக்கமான சங்கதி. சிவ் 7-இல் சோழர்கள் இருக்கிறார்கள், மச்சான்! இந்தியா என்ற ஒற்றைப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு வரவில்லை, சோழர்களாகவே, தனி நாகரிகமாக, இரண்டாவது யுகத்தில். கலம் என்று அவர்களுக்கே உரிய கப்பல் இருக்கிறது, மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் கட்டடங்களாக வருகின்றன, தஞ்சைப் பெரிய கோயில் கேமில் கட்டக்கூடிய உலக அதிசயங்களில் ஒன்று. இத்தனை வருடமாக இந்தியா என்றால் பெரும்பாலும் காந்திதான், கூடுதலாக நாலாவதில் அசோகர் வந்தார், ஆறாவதில் சந்திரகுப்தர் வந்தார். இங்கே வணிகக் குழுக்களின் பெயரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்திருக்கிறார். அந்த யுகத்தில் தூர தேசத்திலிருந்து செல்வத்தைக் கப்பலில் தாயகத்துக்குக் கொண்டுவர வேண்டும், 1025இல் ஸ்ரீவிஜயம் வரை கப்பற்படை அனுப்பிய ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைக்காது. முதல் கலம் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறோம்? கேம் காட்டுகிற வரிசை மௌரியர், சோழர், முகலாயர். மௌரியரிலிருந்து சோழரா? அசோகர் தன் கல்வெட்டிலேயே சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பால் இருக்கிறவர்கள் என்றுதான் சொல்கிறார். அவர் பேரரசுக்குள் வராத மக்களை அவருடைய வாரிசாக்கி வைத்தால் சும்மா ஏற்றுக்கொள்ள முடிகிறதா? அதோடு போகட்டும் என்றால், கலமும் கோயிலுமாக ஆசை ஆசையாக வளர்த்த சோழரை அடுத்த யுகத்தில் முகலாயராக்கு என்கிறது. முகலாயரைக் குறை சொல்லவில்லை, அவர்களைத் தனியாக ஆடினால் நன்றாகத்தான் இருக்கிறது. என் சோழர் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி. நவீன காலத்தில் ரயில் விடுகிற சோழரைப் பார்க்கத்தானே இந்த மாதிரி கேமை ஆடுகிறோம்! வரலாற்றில் நடக்காததை நடத்திப் பார்ப்பதுதானே இதில் சுகம்.

திட்டுகிறவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணமும் இதுதான். அவர்கள் சொல்கிற வாதம் உனக்குத் தெரியும்: ஒவ்வொரு சிவ் வரும்போதும் இப்படித்தான் கத்துவார்கள், பிறகு அதையே தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2010இல் ஐந்தாவது வந்தபோது என்ன ரகளை! சதுரக் கட்டம் போய் அறுகோணம் வந்தது, ஒரு கட்டத்தில் ஒரு படைதான் என்றார்கள், கம்ப்யூட்டருக்கு அந்த விதியில் சண்டை போடவே தெரியவில்லை, நாலாவதில் இருந்த மதமும் உளவும் காணாமல் போயிருந்தன. 2012இலும் 2013இலும் வந்த இரண்டு விரிவாக்கங்களுக்குப் பிறகு அதே ஐந்தாவதைப் பலர் தொடரிலேயே சிறந்தது என்றார்கள். 2016இல் ஆறாவதைப் பார்த்துவிட்டு இது குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன் மாதிரி இருக்கிறது, மொபைல் கேம் மாதிரி இருக்கிறது என்றார்கள், இன்று ஆறாவதுக்குத் திரும்பிப் போகிறோம் என்று மிரட்டுவதே அவர்கள்தான். ஒவ்வொரு புது கேமிலும் மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு மேம்படுத்தியது, ஒரு பங்கு புத்தம் புதியது என்பது தொடரை உருவாக்கிய சித் மெயர் காலத்திலிருந்து, இந்த கேமைச் செய்கிற ஃபிராக்ஸிஸ் நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு. புதிய பங்கைப் பார்த்து எரிச்சல் வருவது சகஜம்.

ஆனால் இந்த முறை எரிச்சலின் வகையே வேறு. ஐந்திலும் ஆறிலும் விதியை மாற்றினார்கள். அறுகோணமோ சதுரமோ, ரோம் ரோமாகத்தான் இருந்தது. காலத்தை வென்று நிற்கும் ஒரு நாகரிகத்தைக் கட்டு என்பதுதான் 1991இல் முதல் கேம் வந்த காலத்திலிருந்து நமக்குக் கொடுத்த வாக்கு. கிமு 4000இல் ஒரு குடியிருப்பு போட்டு, அதே பெயரோடு விண்வெளி வரைக்கும் போவோம். யாருடைய எல்லை எங்கே இருந்தது, எந்த நகரத்தை எந்தப் போரில் இழந்தோம், எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எப்போது முதுகில் குத்தினான் என்று அத்தனையும் தலைக்குள் இருக்கும், அதுதான் கதை. யுகம் மாறும்போது அந்தக் கதையை நடுவில் கத்தரிக்கிறார்கள். விதி பிடிக்கவில்லை என்றால் பழகிக்கொள்ளலாம், கதை அறுந்துபோனால் பழக எதுவும் மிஞ்சவில்லை. பல நாட்களில் ஸ்டீமில் ஏழாவதைவிட ஆறாவதையும் ஐந்தாவதையும் அதிகம் பேர் ஆடிக்கொண்டிருந்ததற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

அதற்காக எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு என்று கேட்கிறவர்களோடும் நான் இல்லை. தளபதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் பார், அவருக்குள் நாலைந்து படையை அடக்கி ஒரே நகர்த்தலில் கொண்டுபோய் வேண்டிய இடத்தில் விரிக்கலாம். நாலாவதில் படையை அடுக்கடுக்காகக் குவித்து வந்த தொல்லையும் இல்லை, ஐந்தாவதில் ஒவ்வொன்றாக நகர்த்திச் செத்த தொல்லையும் இல்லை. இத்தனை வருடச் சண்டைக்கு இவ்வளவு எளிய தீர்வா என்று இருந்தது. ஆற்றில் கப்பல் போகிறது, இப்போது நதிக்கரையில் நகரம் வைப்பதற்கே புது அர்த்தம். பில்டர்களை, அதாவது நிலத்தைச் சீர்படுத்துகிற வேலையாட்களை, மேய்க்கிற வேலையும் போயிற்று. யுகத்தை வெட்டியதற்கும் காரணம் இருக்கிறது: பழைய சிவ் எதிலும் கடைசி நூறு டர்ன் சலிப்பு, ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கடமைக்கு அழுத்திக்கொண்டிருப்போம், பாதிப் பேர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை. அந்த நோய் நிஜம். மருந்துதான் ஆளையே மாற்றிவிட்டது.

என் மகள் சிவ் ஆடத் தொடங்கியதே ஏழாவதில்தான். அவளுக்கு இந்தக் கோபம் எதுவும் புரியவில்லை. யுகம் மாறும்போது குதூகலமாகிவிடுகிறாள், அடுத்து யாராகலாம் என்று பட்டியலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பழைய ஜப்பான் ராணி ஹிமிகோவைத் தலைவராக வைத்துக்கொண்டு மங்கோலியரை ஓட்டுவதில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. தலைவர்தான் அவள் மனதில் பதிந்தவர், நாகரிகம் உடுப்பு. நமக்கு நேர்மாறாக. அவள் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு இந்த வடிவமைப்பை மோசம் என்று சொல்ல என்னால் முடியவில்லை, வேறு ஆட்களுக்காகச் செய்தது என்றுதான் தோன்றுகிறது. அந்த ஆட்களையும் நம்மையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க ஒரு தேர்வை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

இப்போது அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள். "இன்னும் ஒரே ஒரு டர்ன்" திரும்பி வந்துவிட்டது. யுகம் மாறும்போது படைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிற அமைப்பும் வந்தது. 2025 முடிவதற்குள், முதல் யுகத்திலிருந்து கடைசி வரை ஒரே நாகரிகத்தோடு ஆடுகிற வழியைச் சோதித்துப் பார்ப்பதாகவே சொல்லிவிட்டார்கள். வெறுமனே திட்டியவர்களால் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எந்தத் திரையில் எந்த எண் காணவில்லை, எந்த டர்னில் ஆட்டம் அறுந்த மாதிரி இருந்தது என்று பக்கம் பக்கமாக எழுதினார்களே, அவர்களால் நடந்தது. இன்னொரு கூட்டம் செய்தவர்களையே பெயர் சொல்லி அசிங்கமாகத் திட்டியது. அந்த செப்டம்பரில் ஃபிராக்ஸிஸில் ஆள்குறைப்பு நடந்தபோது அதைக் கொண்டாடினவர்களும் உண்டு. எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. வேலை போனவர்களில் மணிக்கிராமத்தைத் தேடி எடுத்த அந்த ஆளும் இருந்தாரோ என்னவோ.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முழு விலைக்கு வாங்காதே, தள்ளுபடி வரும்போது வாங்கு. வாங்கியதும் மெனுவில் யுக மாற்றத்துக்கான அமைப்பைப் பார்த்து, தொடர்ச்சி என்று இருப்பதைத் தேர்ந்தெடு. முதல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தாதே, இரண்டாவது யுகம் வரை போய்விட்டு அப்புறம் தீர்ப்பு சொல். சோழரை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன் என்று நினைக்காதே, ஆன்லைனில் சேர்ந்து ஆடினால் யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. பழங்காலத்தில் நீ வழக்கம்போல ரோமைத்தான் எடுப்பாய் என்று தெரியும், எடு, நான் கார்த்தேஜ்.

எப்போது ஆடலாம் என்று எழுது. மகளும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறாள், மூன்று பேராக வைத்துக்கொள்ளலாமா?

அன்புடன்,
உன் மச்சான்