எங்கள் தெருவில் வண்டிகளை நிதானமாக்கியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

குரோம்பேட்டையில் எங்கள் பகுதி உள்தெருக்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க நடந்துவந்த சாலைப் பணி ஒருவழியாக முடிந்துவிட்டது. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் போதும், வண்டிகளெல்லாம் குறுக்குவழி என்று எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடும். பள்ளி விடும் நேரத்திலும் அதே வேகம்தான். அந்த வேகம் இப்போது கண்ணெதிரே குறைந்திருக்கிறது. இதற்குக் கை கொடுத்தவர்களுக்குக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி, இந்த வேலையை எதிர்த்தவர்களுக்கு. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். "இன்னொரு ஸ்பீட் பிரேக்கரா? இருக்கிறதுக்கே இடுப்பு போச்சு" என்று கூட்டத்தில் எழுந்து சத்தம் போட்ட பெரியவர் கேட்டது நியாயம். பழையது யாரோ இரவோடு இரவாகத் தாரைக் குவித்துவிட்டுப் போன மேடு. வர்ணம் கிடையாது, பலகை கிடையாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கிப் போடும். அவர் மடக்கியதால்தான் சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸ் வேகத்தடைக்கு வகுத்த அளவுகளைத் தேடிப் படித்தோம். வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மேற்பக்கம் சீரான வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் உடம்பு பெரிதாகக் குலுங்காது. வேகம் கூடக் கூடத்தான் உலுக்கும். 40 மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும்.

அந்த வளைவை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் மாநகராட்சி உதவிப் பொறியாளர் அம்மா. வளைவின் வடிவத்திலேயே அறுத்த பலகை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, போட்ட மேட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பலகைக்கும் தாருக்கும் நடுவே விரல் நுழைந்தது. மறுபேச்சு இல்லை, கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் போடச் சொல்லிவிட்டார். முகம் சுளிக்காமல் செய்துகொடுத்த ஒப்பந்தக்காரருக்கும் நன்றி.

அடுத்து மளிகைக் கடை அண்ணாச்சி. தெருமுனை அகலமாக இருந்ததால் வண்டிகள் பிரேக்கே பிடிக்காமல் திரும்பும். அந்த மூலையை நடைபாதையால் குறுக்கினால் தானாக நிதானம் வரும், சாலையைக் கடக்கும் தூரமும் குறையும். ஆனால் அந்த இடம் அவர் கடைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடம். "முதலில் வரைந்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். கோலமாவால் கோடு போட்டு மணல் மூட்டைகளை அடுக்கினோம். பள்ளி வேன் ஓட்டுநர்களும் தண்ணீர் கேன் வண்டிக்காரரும் திரும்பிக் காட்டிய பிறகு, சரி என்றார். வியாபாரம் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தே சொன்ன சரி அது.

பள்ளி வாசலில் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய பாதசாரிக் கடவையைக் கட்டிய மேஸ்திரிக்குத் தனி நன்றி. இரு ஓரத்திலும் மழைநீர் ஓட வழி விடாவிட்டால் ஐப்பசியில் பள்ளிக்கூடம் குளமாகிவிடும் என்று எடுத்துச் சொன்னவர் அவர். அந்த இடைவெளியில் பைக்கை நுழைத்து ஓட்டும் இளைஞர்களுக்கு மட்டும் நன்றி கிடையாது!

கோடு போட வந்த தொழிலாளர்களைப் பெரும்பாலானோர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஊர் அடங்கிய பிறகு வந்தார்கள். கேஸ் அடுப்பு வைத்த தொட்டியில் வர்ணத்தைச் சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கி, தள்ளுவண்டியால் பட்டையாக இழுத்து, ஆறுவதற்குள் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைத் தூவினார்கள். இரவில் ஹெட்லைட் பட்டால் கோடு பளிச்சென்று தெரிவது அதனால்தான். மேட்டைவிட அந்தக் கோடுதான் முக்கியம் என்பது என் எண்ணம். தெரியாத வேகத்தடை ஆபத்துதான். அவர்களுக்குக் கீழ்வீட்டு அக்கா போட்டுக்கொடுத்த சுக்குக் காப்பியையும் குறிப்பிட வேண்டும்.

மனுவை அலைந்து நகர்த்திய வார்டு கவுன்சிலருக்கும், பள்ளி நேரத்தில் வந்து நின்று பார்த்த போக்குவரத்துக் காவலர்களுக்கும், தூசியைப் பொறுத்துக்கொண்ட வீடுகளுக்கும் நன்றி.

ஒரு வேலை மிச்சம். இரண்டாவது குறுக்குத் தெருவில் எச்சரிக்கைப் பலகையைப் புங்கமரக் கிளை மறைக்கிறது. இந்த வாரம் கிளையைக் கழித்துவிடுவதாக மரம் வளர்த்த வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம்