விலையை போட்டீங்க, பூர்வீகத்தை காணோமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஏலச் செய்தி வந்தா நான் விடவே மாட்டேன், பழைய காசு, தபால்தலை, ஓவியம், சிலை எதுவா இருந்தாலும் முழுசா படிச்சிடுவேன், ஆனா படிச்சு முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் தான் மிச்சம். எவ்வளவுக்கு போச்சுன்னு கொட்டை எழுத்துல போடறீங்க, எத்தனை நிமிஷம் போட்டி நடந்துச்சுன்னு போடறீங்க, வாங்கினவர் பேரை சொல்ல விரும்பலைன்னு கூட போடறீங்க. அந்தப் பொருள் யார் யார் கை மாறி ஏல மேடைக்கு வந்துச்சுங்கறதை மட்டும் ஒரு வரி கூட எழுதறது இல்ல.

ஒரு காணி நிலம் வாங்கறவன் கூட தாய்ப்பத்திரம் எங்க, வில்லங்கம் போட்டு பாத்தாச்சான்னு கேட்டுட்டு தான் அட்வான்ஸ்ல கை வைப்பான். கோடிக்கணக்குல போற ஒரு பழம்பொருளுக்கு அதே கேள்வியை யாருமே கேக்கலைன்னா எப்படிங்க? ஏலக்காரங்க இதை ப்ராவனன்ஸ்னு சொல்வாங்க. நான் பூர்வீகம்னே எழுதறேன், நம்ம வாய்க்கு அது தான் பழக்கம்.

ஒரே ஒரு காசு கதையை சொல்றேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க. அமெரிக்காவுல 1933ல டபுள் ஈகிள்னு ஒரு 20 டாலர் தங்கக் காசு, மொத்தம் 4,45,500 அடிச்சாங்க. அதே வருஷம் தான் ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஜனங்க கையில தங்கக் காசு இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, அதனால அடிச்ச காசை புழக்கத்துக்கே விடாம அப்புறமா உருக்கிட்டாங்க. ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு ரெண்டே ரெண்டு போச்சு. ஆனா நாணயசாலையில இருந்து சிலது எப்படியோ நழுவிடுச்சு. நழுவினதுல ஒண்ணு எகிப்து ராஜா ஃபாரூக் கிட்ட போச்சு, எப்படி போச்சுன்னு பாருங்க, 1944ல அமெரிக்க அரசாங்கமே விவரம் தெரியாம அதுக்கு எக்ஸ்போர்ட் லைசென்ஸ் குடுத்து அனுப்பி வச்சுச்சு! 1952ல ராஜாவை பதவியை விட்டு இறக்கினாங்க, 1954ல அவர் சேத்து வச்சதையெல்லாம் கெய்ரோவுல ஏலம் விட்டாங்க, அமெரிக்கா ஆட்சேபம் சொன்னதால இந்தக் காசை மட்டும் ஏலத்துல இருந்து எடுத்தாங்க, எடுத்ததோட சரி, அப்புறம் அது எங்க போச்சுன்னே தெரியல.

நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு 1996ல நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல ஒரு பிரிட்டிஷ் வியாபாரி இந்தக் காசை விக்க வர்றார், வாங்க வந்த மாதிரி உக்காந்திருந்தது அமெரிக்க அரசாங்கத்தோட சீக்ரெட் சர்வீஸ் ஆளுங்க. கேஸ் அஞ்சு வருஷம் இழுத்துச்சு. அது வரைக்கும் காசு இருந்த இடம் வேர்ல்ட் ட்ரேட் சென்டர் பெட்டகம், 2001 ஜூலைல தான் அங்க இருந்து அரசாங்கம் தங்கம் வைக்கற ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்துக்கு மாத்தினாங்க, இன்னும் ரெண்டு மாசம் அங்கயே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். கடைசில ரெண்டு தரப்பும் சமரசம் ஆகி 2002ல ஏலம் விட்டாங்க, 75,90,020 டாலர். அந்த கடைசி 20 டாலர் எதுக்குன்னா, காசை அரசாங்கம் இப்ப தான் முறைப்படி வெளியிடுதுன்னு கணக்குல எழுதணும் இல்ல, அதுக்கான முகமதிப்பு! 2021ல மறுபடி ஏலம் வந்தப்ப கிட்டத்தட்ட 1 கோடியே 89 லட்சம் டாலர்.

நான் சொல்ல வந்தது இனிமே தான். 2004ல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு பழைய நகை வியாபாரி குடும்பம், எங்க பேங்க் லாக்கர்ல இதே 1933 காசு பத்து இருந்துச்சுன்னு நாணயசாலைக்கே அனுப்பி, நெஜம் தானான்னு பாத்து சொல்லுங்கன்னு கேட்டாங்க. நெஜம் தான்னு சொல்லி நாணயசாலை அப்படியே வச்சுக்கிச்சு. கோர்ட்டு கோர்ட்டா போய் 2017ல சுப்ரீம் கோர்ட்டும் கேஸை எடுத்துக்க மாட்டேன்னுடுச்சு, பத்தும் அரசாங்கத்துக்கே போச்சு. அதே வருஷம், அதே அச்சு, அதே தங்கம். ஒண்ணு மட்டும் கோடிக்கு போகுது, பத்தை ஒருத்தரும் விக்கவே முடியாது. நடுவுல இருக்கற வித்தியாசம் 1944ல அரசாங்கம் தப்பா குடுத்த அந்த ஒரு எக்ஸ்போர்ட் லைசென்ஸ் தான். இதை எழுதாம வெறும் விலையை மட்டும் போட்டா வாசகனுக்கு என்னங்க புரியும்?

பூர்வீகம் ஒரு பொருளோட தலையெழுத்தையே மாத்தும்ங்கறதுக்கு இன்னொண்ணு, 1996ல ஜாக்குலின் கென்னடி வீட்டு சாமானை நியூயார்க்ல ஏலம் விட்டப்ப மூணு சரம் முத்து மாலை ஒண்ணு 2,11,500 டாலருக்கு போச்சு. அது போலி முத்து. போலின்னு ஏலக்காரங்களே வெளிப்படையா சொல்லி தான் வித்தாங்க, கேட்லாக்ல போட்ட மதிப்பு ஆயிரம் டாலர் கூட இல்ல. ஆனா அந்த அம்மா அதை போட்டுக்கிட்டு இருக்கும்போது சின்னப் பையன் ஜான் அதை பிடிச்சு இழுக்கற போட்டோ உலகத்துக்கே தெரியும். முத்து பொய், கழுத்து நெஜம்!

இவ்வளவு பணம் இந்தக் கதைக்குள்ள இருக்குன்னா, கதையையே தயார் பண்ண ஆள் வராம இருப்பாங்களா. வந்தாங்க. ஜெர்மனில வோல்ஃப்காங் பெல்ட்ராக்கின்னு ஒருத்தர், மத்தவங்க படத்தை காப்பி அடிக்கறவர் இல்ல, செத்துப்போன ஓவியர்ங்க வரைஞ்சிருக்கக்கூடிய, ஆனா வரையாத படத்தை வரையறவர். படத்தோட நிக்கல, அதுக்கு பின்னாடி ஒட்டறதுக்கு ஃப்ளெக்டைம்ங்கற பழைய கலை வியாபாரி பேர்ல லேபிள் அடிச்சார், பொண்டாட்டிக்கு அந்தக்கால உடுப்பு மாட்டி, பாட்டி மாதிரி உக்கார வச்சு, பின்னாடி செவுத்துல தான் வரைஞ்ச படங்களை தொங்கவிட்டு கருப்பு வெள்ளையில போட்டோ எடுத்து, பழைய காலத்து போட்டோ பேப்பர்லயே பிரிண்ட் போட்டார். எங்க தாத்தா சேத்து வச்ச படங்க, பாருங்க பாட்டி பக்கத்துலயே இருக்கான்னு காட்டினா யார் தான் நம்ப மாட்டாங்க? 2006ல கொலோன்ல ஒரு படம் 28 லட்சத்து 80 ஆயிரம் யூரோவுக்கு போச்சு. அது 1914ல வரைஞ்சதுன்னு சொன்ன படம், பெயிண்டை சோதிச்சா அந்தக் காலத்துல ஓவியர்ங்க கையிலயே இல்லாத டைட்டேனியம் வெள்ளை உள்ள இருக்கு. 2011ல ஆறு வருஷம் தண்டனை. போட்டோ வரைக்கும் யோசிச்ச மனுஷன் ஒரு பெயிண்ட் ட்யூப்ல மாட்டினார்.

அவரை விட எனக்கு பயமா இருக்கறது இங்கிலாந்து ஜான் ட்ரூ தான். படம் வரைய ஜான் மயட்னு தனியா ஒரு ஆளை வச்சுக்கிட்டார், தன் வேலையை ஆவண அறையில பாத்தார். லண்டன்ல டேட் கேலரிங்கற ஓவிய மியூசியத்துக்கு நன்கொடை குடுத்து நல்ல பேர் வாங்கி, ஆராய்ச்சி பண்றேன்னு உள்ள போய், பழைய கண்காட்சி ரெக்கார்டுங்களுக்கு நடுவுல தன்னோட போலிக் காகிதத்தை சொருகி வச்சார். அப்புறம் யாராவது நேர்மையா போய் தேடிப் பாத்தாலும், ஆமாங்க, ரெக்கார்டுல இருக்குன்னு தானே சொல்லுவாங்க. 1999ல அவருக்கும் ஆறு வருஷம். கள்ள நோட்டு அடிச்சா பிடிச்சு எரிச்சிடலாம், ஆவண அறையில கலந்த கள்ளக் காகிதத்தை எப்படி எடுக்கறது?

ஒயின்லயும் இதே கூத்து. 2008ல நியூயார்க் ஏலத்துல போன்சோங்கற ஃப்ரெஞ்சு ஒயின் குடும்பத்து க்ளோ சான் டெனி ஒயின், 1945ல செஞ்சதுன்னு லேபிளோட வந்துச்சு. அந்த வீட்டு ஆளே ஃப்ரான்ஸ்ல இருந்து வந்து நின்னு, நாங்க அந்த ஒயினையே 1980கள்ல தான் போட ஆரம்பிச்சோம்னு சொன்னார். பாட்டிலுங்களை ஏலத்துல இருந்து எடுத்துட்டாங்க, அதை விக்க குடுத்த ரூடி குர்னியவான் அப்புறம் பத்து வருஷம் ஜெயிலுக்கு போனார்.

நானும் ஒண்ணும் புத்திசாலி இல்ல. சில வருஷம் முன்னாடி ஆன்லைன் ஏலத்துல ஒரு பாக்கெட் வாட்ச் எடுத்தேன், கூடவே ஒரு கடிதம், இது ஒரு கப்பல் கேப்டனோடது, அவர் பேரன் எழுதறேன்னு மை மங்கின கையெழுத்துல. வாட்சை விட அந்தக் கடிதத்துக்கு தான் மயங்கினேன்னு சொல்லணும். எட்டு மாசம் கழிச்சு அதே தளத்துல ஒரு பைனாகுலர் வந்துச்சு, அதுக்கும் ஒரு கடிதம், அதே கையெழுத்து, அதே கேப்டன், பேரனுக்கு பதிலா இப்ப பேத்தி எழுதறா. கேட்டு எழுதினேன், இன்னி வரைக்கும் பதில் இல்ல.

அதுக்கப்புறம் தான் கேட்லாக் படிக்க கத்துக்கிட்டேன். ஓவியர் பேருக்கு முன்னாடி அட்ரிபியூட்டட் டுன்னு இருந்தா அவர் வரைஞ்சிருக்கலாம்னு அர்த்தம், சர்க்கிள் ஆஃப்னா அவர் காலத்துல அவர் பாதிப்புல வரைஞ்ச யாரோ, மேனர் ஆஃப்னா அவர் பாணில யாரோ எப்பவோ, ஆஃப்டர்னா அப்பட்டமா காப்பி. பெரிய ஏலக் கம்பெனிங்க அஞ்சு வருஷம் கேரண்டி குடுக்கும், ஆனா அந்த கேரண்டி தலைப்பு வரிக்கு தான், கீழ எழுதின கதைக்கு இல்ல. பிரைவேட் கலெக்‌ஷன், சுவிட்சர்லாந்துன்னு மட்டும் ஒரு வரி இருந்தா எனக்கு உடனே வயித்தைக் கலக்கும். அது பொய்னு சொல்லல, ஆனா யாருன்னும் தெரியாது, எப்பன்னும் தெரியாது, அப்புறம் அந்த வரி எதுக்கு?

வருஷத்தையும் கவனிக்கணும். கலாசாரப் பொருள் கடத்தலை தடுக்க யுனெஸ்கோ ஒப்பந்தம் போட்டது 1970ல, அதுக்கு முன்னாடியே நாட்டை விட்டு வெளிய வந்ததுன்னு காட்டிட்டா கேள்வி கம்மி, அதனால தோண்டி எடுத்த பொருள், கோயில் பொருளுக்கு எல்லாம் பூர்வீகக் காகிதம் பெரும்பாலும் 1970லயோ அதுக்கு கொஞ்சம் முன்னாடியோ வந்து டக்குனு நிக்கும். நம்ம தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலை அப்படித் தான். ஆஸ்திரேலிய தேசிய கேலரி 2008ல சுபாஷ் கபூர்ங்கற சிலை வியாபாரி கிட்ட 50 லட்சம் டாலருக்கு வாங்குச்சு, சிலை 1970ஐ ஒட்டியே இந்தியாவை விட்டு வெளிய வந்துடுச்சுன்னு காட்ட காகிதம் இருந்துச்சு. ஆனா அதே சிலை அதுக்கெல்லாம் ரொம்ப அப்புறம் கோயில்லயே இருந்ததுக்கு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல போட்டோ இருந்துச்சே! 2014ல சிலை திரும்பி வந்துச்சு. பழைய மெசபடோமியா காவியமான கில்கமேஷ் கதை எழுதின ஒரு களிமண் பலகை 2014ல ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு 16 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு கைமாறுச்சு, 1981 ஏலத்துல வாங்கின உதிரி சாமான் பெட்டில கிடந்ததுன்னு ஒரு லெட்டர் தான் அதுக்கு ஆதாரம், லெட்டர் பொய்னு ஆகி 2021ல ஈராக்குக்கே குடுத்தாங்க.

எல்லாத்துக்கும் முழு சங்கிலி கிடைக்காதுங்கறது எனக்கும் தெரியும், போர்ல எரிஞ்சிருக்கும், குடும்பத்துல பில்லை யாரும் எடுத்து வச்சிருக்க மாட்டாங்க, இடைவெளி இருக்கற எல்லாமே திருட்டுன்னு சொன்னா அது அநியாயம். 45 கோடி டாலருக்கு போன லியோனார்டோ வரைஞ்சதுன்னு வித்த சால்வேட்டர் முண்டி ஓவியத்துக்கே நடுவுல நூறு வருஷத்துக்கு மேல எங்க இருந்துச்சுன்னு பதிவு இல்ல, 1958ல அதை லண்டன்ல 45 பவுண்டுக்கு வித்திருக்காங்க. அதனால இடைவெளி இருந்தா இருக்குன்னு போடுங்க, போதும்.

நான் கேக்கறது ரெண்டு வரி தான். விலைக்கு கீழ, கடைசியா யார் கிட்ட இருந்துச்சு, அதுக்கு முன்னாடி எந்த வருஷம் வரைக்கும் தெரியும், எதுல இருந்து தெரியல. ஏலக் கம்பெனியோட கேட்லாக்ல அது இருக்கும், உங்க நிருபர் பாத்து எழுதறதுக்கு பத்து நிமிஷம் ஆகாது. அங்க ஒண்ணுமே இல்லைன்னா, பூர்வீகம் எதுவும் சொல்லலைன்னு எழுதுங்க, அதுவே பெரிய செய்தி.

இப்படிக்கு,
நாணயம், தபால்தலை சேக்கற உங்க பழைய வாசகன்

பி.கு.: ஏலத்தை முடிச்சு சுத்தியல் தட்டினப்ப நின்ன தொகை வேற, வாங்கறவர் தர்ற கமிஷனும் சேந்த தொகை வேற. மேல சொன்ன சால்வேட்டர் முண்டிக்கு சுத்தியல் விழுந்தது 40 கோடி டாலர்ல, மிச்சம் 5 கோடி சொச்சம் கமிஷன். உங்க செய்திகள்ல ஒரு நாள் இது வருது, ஒரு நாள் அது வருது, எதுன்னு சொல்லிட்டு போட்டா நோட்டுல எழுதி வைக்கற எங்களுக்கு சௌகரியமா இருக்கும்.