பேத்தியின் தொப்பியும் 24 முளை வளையமும்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மகளும் குழந்தையும் சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று வாசித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நுவரெலியாக் குளிருக்குப் பேத்தியின் தலையில் என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். இந்தப் பார்சலைப் பிரித்துப் பார். மஞ்சள் தொப்பி, என் கையால் பின்னியது.

பெருவிரல் மூட்டு நோகத் தொடங்கிய பிறகு நான் பின்னல் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டது உனக்குத் தெரியும். இது ஊசிப் பின்னல் இல்லை, லூம். ஒரு பிளாஸ்டிக் வளையம், அதன் விளிம்பைச் சுற்றி முளைகள், கையில் ஒரு கொக்கி. தையல் வகுப்பில் வெறும் நூல்கட்டையின் தலையில் நாலு சின்ன ஆணி அடித்து, நடு ஓட்டையால் எலிவால் போலக் கயிறு பின்னி எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ உன்னுடையதைப் புத்தகக் கட்டுக்குச் சுற்றிக்கொண்டு திரிந்தாய். அதே வேலைதான் இது. நாலு ஆணி இருந்த இடத்தில் 24 முளை, அவ்வளவுதான் வித்தியாசம். மருமகள் வாங்கித் தந்த செட்டில் நாலு வளையம் உண்டு: 24, 31, 36, 41 முளைகள். சின்னது கைக்குழந்தைக்கு, 31 முளை உள்ளது பிள்ளைகளுக்கு, மற்ற இரண்டும் பெரியவர்களுக்கு.

எப்படிச் செய்வது என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. நூலின் நுனியை வளையத்தின் பக்கத்தில் நீட்டியிருக்கும் சின்ன முளையில் கட்டிவிடு. பிறகு நூலை உட்பக்கமாகக் கொண்டுவந்து, ஒரு முளையைச் சுற்றி, மறுபடி உள்ளே விட்டு, அடுத்த முளைக்குப் போ. ஒரு சுற்று முடிந்ததும் விரலால் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, அதே மாதிரி இன்னொரு சுற்று. இப்போது ஒவ்வொரு முளையிலும் இரண்டு கண்ணி இருக்கும். கீழ்க் கண்ணியைக் கொக்கியால் பிடித்து, மேல் கண்ணிக்கு மேலாகத் தூக்கி, முளையைத் தாண்டி உள்ளே போடு. ஒரு கண் பின்னியாயிற்று. முழுத் தொப்பியும் இந்த ஒரே அசைவுதான்.

முதல் நாள் நான் நூலை இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டேன். கண்ணி முளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, கொக்கி நுழைய இடமே இல்லை, பத்து முளைக்குள் விரல் சிவந்துபோனது. முழுவதையும் உருவி எடுத்துவிட்டு, நூலை இரண்டு விரலுக்கு நடுவே சும்மா ஓட விட்டுச் சுற்றினேன். கொக்கி தானாக நுழைந்தது. கொக்கிப் பிடியிலும் பழைய துணியைத் தடிப்பாகச் சுற்றி வைத்திருக்கிறேன். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் மூட்டுக்கு வலி. தடித்த பிடி என்றால் அரை மணித்தியாலம் நோகாமல் இருக்கலாம்.

எல்லாரும் முதலில் ஸ்கார்ஃப் பின்னச் சொல்வார்கள். நான் உனக்குத் தொப்பிதான் சொல்வேன். ஸ்கார்ஃப் என்றால் கரை வந்ததும் திரும்பிப் பின்ன வேண்டும், கரைக் கண்ணி தளரும், போதாததற்குத் துணி இரண்டு பக்கமும் வெற்றிலைச் சுருள் போலச் சுருண்டுவிடும். சமையலறைத் துணி ஒன்று பருத்தி நூலில் தொடங்கி இதை நேரே பார்த்தேன். சுருளாமல் இருக்க ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மறுகண் போட வேண்டும்: நூலைக் கண்ணிக்குக் கீழே கிடத்தி, கண்ணிக்குள் மேலிருந்து கொக்கியை விட்டு, நூலை மேலே இழுத்துப் புதுக் கண்ணி ஆக்கி, பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை முளையில் மாட்டுவது. பழகினால் கை ஓடும், ஆனால் முதல் வாரத்துக்கு அது வேண்டாம். பருத்தி நூல் நெகிழ்ந்தும் கொடுக்காது, தொடக்கக் கைக்கு அக்ரிலிக்தான் இதம். தொப்பியில் கரையே இல்லை, சுற்றிக்கொண்டே போகலாம்.

நூலைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் வளையங்களில் முளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. மெல்லிய நூல் ஒன்றை மட்டும் போட்டால் கொசுவலை மாதிரி வரும். என் முதல் தொப்பி அப்படித்தான், அதற்குள்ளால் காலி வீதியைப் பார்க்கலாம். இரண்டு நூலைச் சேர்த்து ஒரு நூல் போலப் பிடித்துச் சுற்றியதும் நெருக்கமாக வந்தது. புறக்கோட்டையில் ஒரு கடையில் மஞ்சள் வாங்கினேன். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி போனேன். அதே மஞ்சள் என்று சொல்லித் தந்தார்கள். வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று மாம்பழம், மற்றது எலுமிச்சை. பந்தின் லேபிளில் சாயத் தொகுதி எண் இருக்கும், அது ஒன்றாக இருந்தால்தான் நிறம் ஒன்றாக இருக்கும். எனக்கு அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. ஆகவே நீ வாங்கும்போது தேவையானதை ஒரே தடவையில், எண்ணைப் பார்த்து வாங்கு. உன் தொப்பியின் உச்சி கொஞ்சம் வெளிறித் தெரிவது அதனால்தான். உருவிவிட மனம் வரவில்லை, உச்சியில் பூ மாதிரி அழகாகவே இருக்கிறது.

மடிப்பு விளிம்பு எனக்கு மிகவும் பிடித்த இடம். பத்துச் சுற்றுப் பின்னியதும் வளையத்துக்குள் கையை விட்டு, முதல் சுற்றின் கண்ணிகளைத் தேடி, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அதனதன் முளையில் மாட்ட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் விளிம்பு சரிந்துவிடும், ஆறுதலாகச் செய். பிறகு கீழ்க் கண்ணியை மேலால் தூக்கிப் போட்டுவிட்டால் விளிம்பு இரட்டையாக மடிந்து நிற்கும். குழந்தையின் காதுக்கு அந்த இரட்டைத் தடிப்பு நல்லது. மேலே ஐந்தாறு அங்குலம் பின்னியதும், நூலை நீளமாக வெட்டிப் பெரிய ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விட்டு முளையிலிருந்து கழற்றி எடுக்க வேண்டும். கடைசிக் கண்ணியும் கழன்றதும் நூலை இழு. 24 கண்ணிகளும் சுருக்குப்பை வாய் போலச் சுருங்கி உச்சியாகும். அந்த ஒரு இழுவைக்காகவே நான் இன்னும் பத்துத் தொப்பி பின்னுவேன்.

கொழும்பு வெக்கையில் வூல் பின்னுவது பகலில் முடியாத காரியம். உள்ளங்கை வியர்த்தால் நூல் ஒட்டும். விடிய ஐந்து மணிக்கு, தேத்தண்ணீரோடு, கடற்காற்று வரும் ஜன்னலோரம் இருந்து ரயில் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே பின்னுகிறேன். அவர் போன பிறகு அந்த நேரம் எனக்குச் சரியான கஷ்டமாக இருந்தது. இப்போது அலாரம் அடிக்க முதலே எழும்பிவிடுகிறேன்.

சரி, முக்கியமான இரண்டு. கட்டுவதற்குக் கயிறு நான் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, நீயும் தைத்துவிடாதே, குழந்தையின் கழுத்துக்கு அது ஆபத்து. குழந்தை தூங்கும்போது தொப்பியைக் கழற்றி வை, வெளியே கொண்டுபோகும்போது மட்டும் போடு.

24 முளை வளையத்தையும் ஒரு கொக்கியையும் பார்சலின் அடியில் வைத்திருக்கிறேன், உனக்குத்தான். நூல் பந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதில் கையைப் பழக்கு. தலை அளவு 14 அங்குலம் என்று நீ எழுதி மூன்று வாரம் ஆகிறது, பிள்ளை வளர்ந்திருப்பாள். மறுபடி அளந்து எழுது. அடுத்ததை 31 முளையில் போடுவதா என்று பார்த்துச் சொல்கிறேன். மகளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேள்.

என்றும் உன் அன்புத் தோழி