ராதாபுரத்தில் ஓரம் வைக்கப்பட்ட 203 உறைகள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் 2016 தேர்தல் வழக்கைத் தாங்கள் அறிவீர்கள். ஆனால் 228-ஆம் எண் கொண்ட அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் புரட்டினால் 2016-க்கு நேரே இன்றும் ஒரே வரிதான் இருக்கிறது. இன்பதுரை, அ.தி.மு.க., 69,590. அப்பாவு, தி.மு.க., 69,541. வித்தியாசம் 49. எண்ணாமல் ஓரம் வைக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள் அந்த வரியில் இல்லை. ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் அதே வரியைப் பத்திரிகைகள் எடுத்துப் போடுகின்றன, அந்த ஓட்டுகளைப் போட்ட ஊழியர்களின் கண்ணெதிரே. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தொகுதியிலும் தபால் ஓட்டு எத்தனை தள்ளுபடியானது, எந்தக் காரணத்துக்காக எத்தனை என்பதை முடிவு அறிவிக்கும் அன்றே வெளியிடுங்கள்.

இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இல் வாக்குச்சாவடி வாரியாக எல்லாம் இருக்கிறது. 12-ஆம் எண் பூத்தில் ஒரு சுயேச்சை வாங்கிய மூன்று ஓட்டுகூட இருக்கிறது. கடைசியில் வரும் தபால் ஓட்டு வரியில் மட்டும் தள்ளுபடி என்று ஒரு மொத்த எண் நிற்கிறது. காரணம் கிடையாது. அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல பிழைகள் கிடக்கின்றன.

எண்ணும் மேசையில் முதலில் பெரிய உறையை, அதாவது படிவம் 13சி-யைத் திறக்கிறார்கள். உள்ளே 13ஏ உறுதிமொழியும், ஓட்டுச் சீட்டு அடங்கிய சிறிய உறையான 13பி-யும் இருக்க வேண்டும். உறுதிமொழி இல்லை, வாக்காளரின் கையெழுத்து இல்லை, அது அவர் கையெழுத்துதான் என்று ஓர் அதிகாரி இடும் சான்றொப்பம் இல்லை, உறுதிமொழியில் எழுதிய சீட்டு எண்ணும் சிறிய உறைமேல் உள்ள எண்ணும் பொருந்தவில்லை: இவற்றில் எது நேர்ந்தாலும் சிறிய உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். உள்ளே ஓட்டு யாருக்கு என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. இதைத் தாண்டி வந்த சீட்டில் குறியே இல்லை, இரண்டு பேருக்குக் குறி இருக்கிறது, போட்டவர் யார் என்று காட்டும் அடையாளம் இருக்கிறது என்றால் அது வேறு வகைத் தள்ளுபடி. பின்னது வாக்காளரின் தவறு. முன்னதில் பெரும்பகுதி தாளில் வந்த தவறு. பயிற்சியாலும் தெளிவான அறிவுரையாலும் தடுத்திருக்கக் கூடியது.

ராதாபுரத்தில் நடந்தது முன்னது. உறுதிமொழியில் சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் கையெழுத்து செல்லாது என்று சொல்லி அந்த ஓட்டுகள் ஒதுக்கப்பட்டன. சட்டமன்றத் தேர்தலில் ஆசிரியருக்குப் பெரும்பாலும் சொந்தத் தொகுதிக்கு வெளியேதான் பணி போடுகிறீர்கள். அதனால் தேர்தல் பணிச் சான்றைக் காட்டி, பணி பார்க்கும் சாவடியிலேயே மின்னணு இயந்திரத்தில் போட வழியில்லை. தபால் ஓட்டு ஒன்றுதான் கதி. திசையன்விளையிலும் வள்ளியூரிலும் ஓர் ஆசிரியர் சான்றொப்பத்துக்குத் தன் தலைமை ஆசிரியரிடம் போகாமல் வேறு யாரிடம் போவார்? யார் கையெழுத்து செல்லும், யார் கையெழுத்து செல்லாது என்று பதவிப் பெயரோடு ஒரு பட்டியலை 13ஏ-யின் பின்பக்கம் அச்சிட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய சங்கதி இது.

வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் ஓட்டுகளைவிடக் குறைந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளியவற்றைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்பது இன்று தங்கள் அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் சரிபார்ப்பவரும் அதே தேர்தல் நடத்தும் அலுவலர்தானே. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் தகுதியற்றவர் என்று காலையில் முடிவு செய்தவர் மாலையில் வேறு என்ன முடிவு செய்வார்? காரணம் எழுத்தில் வெளியே வந்தால் அதை அன்றே கேள்வி கேட்கலாம். வராததால்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது.

ஏறிய கதையும் தாங்கள் அறிந்ததே. தேர்தல் வழக்கைத் தொடுக்க 45 நாள் கெடு வைக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், அதை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்கிறது. 2016 மே 19-இல் முடிவு வந்தது. அப்பாவு வழக்குத் தொடுத்தார். அந்த 203 ஓட்டுகளையும் இயந்திர ஓட்டு எண்ணிக்கையின் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்து 2021-இல் அடுத்த தேர்தலும் நடந்துவிட்டது, அதுவரை எண்ணிய கணக்கு வெளிவரவில்லை. 1996-இல் த.மா.கா.வில் நின்ற அப்பாவுவை 2001-இல் சுயேச்சையாகவும் 2006-இல் தி.மு.க.விலும் ஜெயிக்க வைத்து, 2011-இல் தே.மு.தி.க.வைத் தேர்ந்தெடுத்த தொகுதி அது. சின்னம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற ஊர் அல்ல. அங்கே ஐந்து ஆண்டுகள் ஓட்டுகளைக் கணக்கில் சேராமலே வைத்திருந்தது சிறிய அநியாயம் அல்ல. 2016-இல் யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது எங்கள் கேள்வி அல்ல. ஓட்டு எண்ணப்பட்டதா என்பதுதான்.

நீதிமன்றத்தின் வேகம் தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். தள்ளுபடிக் கணக்கு தங்கள் கையில் இருக்கிறது.

2023-இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியில் உள்ளவர்கள் தபால் ஓட்டுச் சீட்டை அதற்கென அமைக்கும் வசதி மையத்திலேயே வாங்கி, அங்கேயே போட்டுக் கொடுக்கும்படி செய்தீர்கள். சான்றொப்பத்துக்கு அலைவது அதனால் குறைந்தது, அதற்கு நன்றி. ஆனால் குறைந்தது எவ்வளவு? முந்தைய தேர்தல்களின் காரணக் கணக்கு இருந்தால்தானே ஒப்பிட முடியும்? படைவீரர்களின் ஓட்டு இன்னும் தபாலில்தான் வருகிறது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே போடுகிறார்கள். எல்லோருக்கும் அதே 13ஏ, அதே சான்றொப்பம். 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் வித்தியாசம் 87. 2021-இல் தியாகராய நகரில் 137. ஒரு தொகுதியின் தபால் ஓட்டில் சான்றொப்பப் பிழை மட்டுமே இந்த அளவுக்கு வரக்கூடும் என்பதை ராதாபுரம் காட்டிவிட்டது.

இதற்குப் புதுச் செலவு எதுவும் இல்லை. தள்ளும்போதே மேசையில் காரணம் தெரிந்துவிடுகிறது. படிவம் 20-இன் தபால் ஓட்டு வரிக்குக் கீழே ஆறு கட்டங்கள் போதும்: உறுதிமொழி இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பக் குறை, எண் பொருந்தவில்லை, நேரம் கடந்து வந்தது, சீட்டில் பிழை. சான்றொப்பக் குறை என்றால் சான்றளித்தவரின் பதவியையும் எழுதச் சொல்லுங்கள். வேட்பாளர்களின் முகவர்களிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுத்துவிட்டு முடிவை அறிவியுங்கள். முந்தைய தேர்தல்களின் தள்ளுபடி விவரம் கோப்புகளில் எஞ்சியிருக்கும் தொகுதிகளுக்கு அதையும் எடுத்து வெளியிட வேண்டுகிறோம். அடுத்த பயிற்சி வகுப்புக்கு முன் இதற்கான உத்தரவைப் பிறப்பித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் சிலர்