நோயை மறைத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டு நோய்களைக் கணினி மாதிரி மூலம் முன்கூட்டியே கணிப்பது பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கால்நடை வளர்ப்போர் நோயை மறைப்பதால்தான் கணிப்புகள் பொய்த்துப் போகின்றன என்று அதில் ஒரு வரி. இருபத்திரண்டு வருடமாக மாடு வைத்திருக்கிறேன் ஐயா. நான் எந்த நோயை மறைத்தேன்?

நாலு வருடத்துக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலை பால் கறக்கப் போனேன். ஜெர்சி கலப்பு மாடு பின்னங்காலை உதறிக்கொண்டே நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கியது, சப்புக்கொட்டும் சத்தம் வேறு. வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அன்று காலையே பால் சொசைட்டியில் சொன்னேன். கால்நடை மருந்தகத்துக்கு நடந்தேன். டாக்டர் இல்லை. இருந்தவரிடம் ஊர், தெரு, அடையாளத்துக்காக மாட்டின் காதில் மாட்டிய தோட்டில் உள்ள பன்னிரண்டு இலக்க எண் எல்லாம் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். மூன்றாம் நாள் போனபோதும் அந்தச் சீட்டு அதே இடத்தில் இருந்தது. தடுப்பூசி போட வந்தது இருபத்து மூன்றாம் நாள். அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் பதினொரு மாட்டுக்கு வந்துவிட்டது. என் கன்று மடியில் வாய் வைத்தபடியே சரிந்து விழுந்து செத்தது. இளங்கன்றுக்கு அந்த வைரஸ் இதயத்தைத் தாக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். தாய் பிழைத்தது. ஆனால் ஒன்பது லிட்டர் கறந்தது நாலுக்கு இறங்கியது. சித்திரை வெயிலில் இன்றைக்கும் நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்குகிறது.

அந்தத் தோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலியில் மாட்டி அறுந்து போன தோட்டுக்கு மறுதோடு கேட்டு மூன்று முறை அலைந்தேன். அந்த மாடு பிறகு செத்தபோது, காதில் தோடு இல்லை, பணம் கிடையாது என்று காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். இன்னொரு மாட்டை விற்று இரண்டு வருடம் ஆகிறது. தோட்டு எண் பதிவில் அது இன்னும் என் கொட்டகையில்தான் நிற்கிறது. இதையெல்லாம் வைத்துத்தானே கணினி கணக்குப் போடுகிறது?

கணினி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கால்நடை நோய்களை ஆராயும் பெங்களூரு நிவேதி நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பே மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது என்று என் தங்கை மகன் செல்போனில் காட்டினான். நல்ல வேலைதான். ஆனால் எத்தனை மாடு, எது எங்கே போகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகத்தில் தொற்றுகிறது என்று நாம் கொடுப்பதை வைத்துத்தான் மாதிரி ஓடும். எங்கள் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள். சித்தூர், பலமநேர் பக்கத்திலிருந்தெல்லாம் மாடு இறங்கும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடித்து, மத்தியானத்துக்குள் வேறு வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். எது எங்கே போனது என்று எழுதி வைக்க அங்கே யாரையும் நான் பார்த்ததில்லை. தை பிறந்தால் ஊருக்கு ஊர் எருது விடும் விழா, அதே காளைகள் வாரத்துக்கு ஒரு ஊர். கோமாரி வைரஸ் உள்ளே போய் இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள்தான் புண் தெரியும், அதற்கு முன்பே மாடு நோயைப் பரப்பும். வாயைத் திறந்து பார்த்து வாங்குகிறவருக்கு என்ன தெரியும்?

இங்கிலாந்தில் 2001-இல் கோமாரி வந்து அது பரவாமல் தடுக்க 60 லட்சத்துக்கும் மேல் ஆடு மாடுகளை அரசே கொன்றதை உங்கள் கட்டுரையே சொல்கிறது. நோய் உறுதியாவதற்கு முன்பே சந்தைகள் வழியாக ஆடுகள் நாடு முழுக்கப் போய்விட்டதை மட்டும் விட்டுவிட்டது. உங்களுக்குத் தெரியாததா?

2019-இல் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் தொடங்கியபோது 2030-க்குள் கோமாரியை ஒழிப்போம் என்றார்கள். ஒழியட்டும், அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), சப்பை நோய் போன்ற மாட்டு நோய்களுக்குத் தடுப்பூசி தயாரிக்கிற நிலையம் இதோ ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும், பக்கத்து ஊரில் நோய் வந்தால் எங்களுக்குத் தெரிவது பால்காரர் சொன்னால்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். கால்நடைத் துறையிடம் கேட்டு, எந்தெந்த ஊரில் கோமாரி, தோல் கழலை நோய் இருக்கிறது என்று மாவட்டப் பக்கத்தில் வாரம் நாலு வரி போடுங்கள். ஊர்ப் பெயர் போதும். மாட்டுக்காரர் பெயர் போட்டால் அவர் பாலை யாரும் வாங்கமாட்டார்கள், அப்புறம் உண்மையிலேயே மறைக்கத்தான் செய்வார்கள். அதைத் திங்கட்கிழமை இதழில் போடுங்கள் ஐயா. செவ்வாய்க்கிழமை பேப்பர் வருவதற்குள் இங்கிருந்து சந்தைக்கு வண்டி கிளம்பிவிடும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.