80-இல் பூட்டிய வண்டி 94-இல் ஓடியது எப்படி?

அனுப்புநர்: பன்னிரண்டு சீட் வேன் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் நிறுவனத்தின் ஸ்பீடு கவர்னர் (வண்டி குறித்த வேகத்தைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) வேலை செய்யாதது, சோதிக்காமலே சான்றிதழ் கொடுத்தது, ஆறு வாரமாக அலையவிட்டது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

உங்கள் கஸ்டமர் கேருக்குப் பதினேழு முறை போன் போட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். புகார் எண் என்று மூன்று எண்கள் கொடுத்தார்கள். மூன்றில் எதைச் சொன்னாலும் "அது க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறார்கள். யார் க்ளோஸ் செய்தது? நான் செய்யவில்லை.

விஷயம் சின்னதுதான். மே 11ஆம் தேதி காலை என் போனுக்கு ஒரு இ-சலான் வந்தது. மகன் அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் திறந்து காட்டினான். என் வேனேதான். நம்பர் பிளேட், கண்ணாடியில் ஒட்டிய அம்மன் ஸ்டிக்கர், எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் பெருந்துறை தாண்டி, 80 என்று பலகை வைத்த இடத்தில், என் வேகம் 94. அபராதம் 1,000 ரூபாய்.

கேமராவோடு எனக்குச் சண்டை இல்லை. பத்தொன்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். தொப்பூர் கணவாயில் அப்பளமாக நொறுங்கிக் கிடந்த வண்டிகளை எத்தனையோ முறை ஓரமாக ஒதுங்கிக் கடந்து வந்திருக்கிறேன். கேமரா வைக்கட்டும், இன்னும் நாலு கூட வைக்கட்டும். என் சண்டை உங்களோடு. அந்த சலானுக்கு ஒன்பது நாள் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ் "இந்த வாகனத்தின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது" என்கிறது. கேமரா 94 என்கிறது. இரண்டில் ஒன்று பொய். எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் அழுத்தி மிதித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கே தெரியும், அந்தப் பெட்டி ஒழுங்காக இருந்தால் 80 வந்ததும் பெடலில் கால் சும்மா இறங்கும், வண்டி அதற்குமேல் ஏறாது. அந்தப் பழக்கத்தில் நான் மீட்டரைப் பார்ப்பதையே விட்டிருந்தேன். 80-இல் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர், 94-இல் 26 மீட்டர் என்று மகன் கணக்குப் போட்டான். பின்னால் பதினோரு பேர், அதில் இரண்டு கைக்குழந்தைகள். ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதே கவர்னர் இருந்ததா என்றுதான்.

இதை விளக்கிச் சொல்லத்தான் உங்கள் கால் சென்டருக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி, பெயரும் சொல்ல மறுத்துவிட்டார், என்ன சொன்னார் தெரியுமா? "ஆக்ஸிலேட்டரை மெதுவா மிதிங்க சார், 80-க்கு மேல போகாது." அப்படியே சொன்னார். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. மெதுவாக மிதிக்க என் கால் போதும் ஐயா, அதற்கு 6,500 ரூபாயில் கருவி எதற்கு? அடுத்த முறை பேசியவர், "இறக்கத்துல வந்திருப்பீங்க, இறக்கத்துல எங்க யூனிட் பிரேக் போடாது" என்றார். அது நியாயமான பேச்சுதான், இறக்கத்தில் வண்டி தன்னால் ஓடும், கவர்னர் என்ன செய்யும். ஆனால் நான் கேமராவில் சிக்கியது தரை மாதிரி சமமான ரோட்டில். தொப்பூரில் அல்ல.

அப்புறம் கோவை சர்வீஸ் சென்டர் கதை. மே 22 காலை எட்டரைக்கு வரச் சொன்னார்கள். அன்று வைகாசி முகூர்த்தம், குருவாயூர் கல்யாண வாடகை ஒன்றை விட்டுவிட்டுப் போனேன். போக வர இருநூறு கிலோமீட்டர். டெக்னீஷியன் இல்லை. ஸ்கூல் பஸ்களுக்கு ஆர்.டி.ஓ. சோதனை நடக்கிற சீசனாம், பல்லடம் பக்கம் கிளம்பிவிட்டாராம். மாலை நாலு மணி வரை வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டீ கூடக் கேட்கவில்லை, அதை விடுங்கள். நாலு மணிக்கு ஒருவர் வந்து, கருவியின் மேல் வைத்த சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, "யூனிட் நல்லா இருக்கு" என்றார். வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை.

இதே மாதிரிதான் சான்றிதழும் வந்தது. வண்டிக்கு ஒன்பது வயது, அதனால் வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அதற்குக் காட்டும் உங்கள் சான்றிதழை ரினிவல் செய்ய 1,500 ரூபாய் வாங்கினீர்கள். நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ, பெட்டியை ஒரு போட்டோ, முடிந்தது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போனது. பிப்ரவரியில் இதே கருவி 55-லேயே வண்டியை இழுத்துப் பிடித்தது. லாரியை ஓவர்டேக் செய்யப் போய் நடுரோட்டில் திணறினேன். அப்போது உங்கள் ஆள் வந்து பத்தே நிமிஷத்தில் "சரி பண்ணிட்டேன்" என்று சீல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது எந்த வேகத்திலும் பிடிக்கவே இல்லை என்பது சலான் வந்த பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் வெளியில் இருந்து பார்த்துவிட்டு, கியர்பாக்ஸில் வேகத்தை அளக்கும் சென்சாரில் இருந்து வரும் வயர் பெட்டிக்குள் போகவே இல்லை என்கிறார். திறந்து பார்க்க முடியாது, சீல் உடைந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி. தரமாட்டார். சரி பண்ணினீர்களா, கழற்றி விட்டீர்களா?

இதுவரை எனக்கு நஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. அபராதம், டீசல், விட்ட மூன்று வாடகை, அதோடு அந்தக் கல்யாண வீட்டார் இனி என்னை ஜென்மத்துக்கும் கூப்பிடப் போவதில்லை. அதற்கு விலை போட்டால் இன்னும் கூடும்.

உங்களோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. தயவுசெய்து கருவியை மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிப்ரவரியில் செய்த வேலையை எழுத்தில் கொடுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போக்குவரத்து ஆணையருக்கும், உங்கள் கருவிக்கு அங்கீகாரம் கொடுத்த சோதனை நிறுவனத்துக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகும். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சலான், அபராத ரசீது, சான்றிதழ், இரண்டு பில்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்

பி.கு.: வெள்ளிக்கிழமை வரை வண்டி வீட்டில்தான் நிற்கும். டெக்னீஷியனை அனுப்பும்போது மெதுவாக மிதிக்கச் சொன்ன தம்பியையும் அனுப்பி வையுங்கள். முன் சீட்டில் உட்காரட்டும், மீட்டரை அவரே பார்க்கட்டும்.