பதினான்கு இரவுகள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு அடங்கியது. சொட்டு மருந்தை விடாமல் போடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குத் திருநெல்வேலியிலேயே வேலை கிடைத்துவிட்டது.

நீ ஃபோனில் இரண்டு வாரத்தை ‘ஃபோர்ட்நைட்’ என்றதை உன் அமெரிக்கப் பேரன் வீடியோ கேம் என்று நினைத்துக்கொண்டானாமே! அவன் மேல் தப்பில்லை. அங்கே ‘டூ வீக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். பிரிட்டனிலும் நம் ஊர் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’ என்று இரண்டு சொல்லாக இருந்தது, பேசிப் பேசித் தேய்ந்து ஒன்றாகிவிட்டது. ஏன் இரவு என்று கேட்பாய். ஆங்கிலேயரின் முன்னோர் ஜெர்மானியக் குடிகள். அவர்களைப் பற்றி ரோமானியரான டாசிடஸ் கி.பி. 98 வாக்கில் எழுதியிருக்கிறார்: நம்மைப் போலப் பகலை எண்ணாமல் இரவுகளை எண்ணுகிறார்கள், இரவுதான் பகலை அழைத்து வருகிறது என்பது அவர்கள் எண்ணம். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டித்தான் ஊர்க்கூட்டம் போடுவார்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்கிறார். நிலாவைப் பார்த்து நாள் குறித்தவர்கள் இரவை எண்ணியதில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு ஒரு தம்பியும் இருந்தது: ‘செனைட்’, ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். ஷேக்ஸ்பியரின் மெக்பத்தில் ஒரு சூனியக்காரி மாலுமியைச் சபிக்கும்போது செனைட் கணக்கில்தான் சபிக்கிறாள். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினும் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். அப்புறம் ‘வீக்’ அதை விழுங்கிவிட்டது. வேல்ஸ் மொழியில் வாரத்துக்கு ‘எட்டு இரவு’, இரண்டு வாரத்துக்குப் ‘பதினைந்து இரவு’ என்றே பெயர். தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து எண்ணுகிற வழக்கம். நாமும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றுதானே சொல்கிறோம்? இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஃபோர்ட்நைட் போய்விடக்கூடாது என்பது என் ஆசை. ‘பைவீக்லி’ என்றால் வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? இரண்டு அர்த்தமும் அகராதியில் உண்டு. ‘ஃபோர்ட்நைட்லி’யில் அந்தக் குழப்பமே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் மாகாண அரசுகள் டெல்லிக்கு அனுப்பிய அரசியல் நிலவர அறிக்கைகளுக்கும் ‘ஃபோர்ட்நைட்லி ரிப்போர்ட்’ என்றுதான் பெயர். சுதந்திரப் போராட்டத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். பேரனுக்கு இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்.

கார்த்திகையில் சென்னைக்கு வருகிறேன். மீதியை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
ராமலிங்கம்